மகள் கலை இதழ் தொடங்கப் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு, வணக்கம்.

உங்கள் மகள் அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். கூடப் படிக்கும் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு கலை இதழ் கொண்டுவரப் போகிறாராம். "இதில் சோறு கிடைக்குமா, இல்லை இப்போதே நிறுத்தி டிஎன்பிஎஸ்சி கோச்சிங்கில் சேர்த்துவிடவா" என்று கேட்கிறீர்கள். இதழில் சோறு கிடைக்காது. ஆனாலும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். பணமும் கொடுங்கள், ஒரு வரம்பு வைத்து.

கலைஞர்களே நடத்திய இதழ்கள் நம் நாட்டில் எப்படி ஓடின என்று பார்த்தால் உங்கள் பயம் பாதி குறையும். பரோடாவில் 1969 முதல் 1973 வரை 'விருச்சிக்' என்ற சிறு இதழை ஓவியர்கள் குலாம் முகமது ஷேக்கும் பூபேன் காக்கரும் நடத்தினார்கள். ஷேக் அங்கே கலைக் கல்லூரி ஆசிரியர். காக்கர் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், தொழிற்சாலைக் கணக்கு பார்த்துக்கொண்டே ஓவியமும் வரைந்தவர். நம் பக்கத்தில் ஓவியர் கே.எம். ஆதிமூலம் தமிழ்ச் சிற்றிதழ்களுக்குக் கோட்டோவியமும் அட்டையும் போட்டுக் கொடுத்த காலத்தில் நெசவாளர் சேவை மையத்தில் மத்திய அரசு வேலையில் இருந்தார். இவர்கள் யாரும் இதழ் வருமானத்தை நம்பி வீட்டு வாடகை கொடுக்கவில்லை. உங்கள் மகளுக்கும் அந்த நினைப்பு இருந்தால் இப்போதே பேசித் தெளிவாக்கிவிடுங்கள்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். பிள்ளைகள் இங்கேதான் சறுக்குவார்கள். 32 பக்கம், 300 பிரதி என்று வைத்துக்கொள்வோம். பிரதிக்கு 80 ரூபாய் அடக்கம் என்றால் 24,000 ரூபாய். விலை 150. எழுதியவர், வரைந்தவர், ஆசிரியர்கள் என்று 40 பிரதி இலவசமாகவே போய்விடும். மீதி 260-ம் விற்காது. 160 விற்றாலே நல்ல விற்பனை. அதில் 80 பிரதியைக் கையில் விற்றால் 12,000. மற்ற 80 கடை வழியாகப் போனால் 35 சதவீதக் கழிவு போக 7,800. ஆக 4,200 ரூபாய் நஷ்டம். கடைப்பணம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ரூபாய் எல்லாம் என் உத்தேசம்தான். இரண்டு அச்சகத்தில் கொட்டேஷன் வாங்கி இதே கணக்கை மகளே உங்கள் முன்னால் உட்கார்ந்து போடட்டும். நாலு பேரும் செலவைச் சமமாகப் பிரித்துக்கொள்ளட்டும். இரண்டாவது இதழுக்கு முதல் இதழின் வசூலிலிருந்துதான் பணம் எடுக்க வேண்டும், வீட்டிலிருந்து அல்ல. நான் சொன்ன வரம்பு இதுதான்.

விநியோகத்தையும் முதலிலேயே யோசிக்கச் சொல்லுங்கள். பாரதி 1908-ல் புதுச்சேரியிலிருந்து நடத்திய 'இந்தியா', கேலிச்சித்திரம் போட்டு வந்த பத்திரிகை. பிரிட்டிஷ் எல்லைக்குள் வரவிடாமல் தடுத்ததும் 1910-ல் நின்றுபோனது. அன்றைக்கு நம் கடலூரும் அந்த எல்லைக்குள்தானே இருந்தது! இன்று தடுப்பார் இல்லை, ஆனால் கொண்டுசேர்க்க ஆள் வேண்டும். நெய்வேலி புத்தகக் கண்காட்சி பக்கத்திலேயே நடக்கிறது. தனி ஸ்டால் எடுக்க வேண்டாம். தெரிந்த பதிப்பகத்தின் ஸ்டாலில் ஒரு ஓரம் கேட்டுப் பாருங்கள்.

இத்தனை சொல்லியும் ஏன் நடத்தட்டும் என்கிறேன்? ஓவியப் பட்டத்தோடு வெளியே வரும் பிள்ளைகள் பலரிடம் நல்ல படங்கள் இருக்கும், ஆனால் அச்சகத்துக்கு ஒரு ஃபைல் ஒழுங்காக அனுப்பத் தெரியாது. ஒரே ஒரு இதழ் கொண்டுவந்தவருக்கு அது தெரிந்துவிடும். 16 பக்கம் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் தொகுதி, அதனால் 32-ஐ 36 ஆக்கினால் செலவு ஏன் குதிக்கிறது என்று தெரியும். திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் இருக்கும் படத்தை அப்படியே அனுப்பினால் திரையில் பளிச்சென்று இருந்த நீலம் அச்சில் மங்கிப்போகும் என்று தெரியும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அமைக்கும் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தமிழைக் கொட்டினால் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும். இதைச் சரிசெய்யத் தெரிந்த, தமிழும் பிழையில்லாமல் படிக்கத் தெரிந்த வடிவமைப்பாளரைப் பதிப்பகங்கள் தேடிக்கொண்டே இருக்கின்றன. புத்தக வடிவமைப்பு, சிறுவர் நூல்களுக்குப் படம், கண்காட்சி கேட்லாக், பாடநூல் பக்க அமைப்பு என்று வேலைக்குப் போகும் வழி இங்கே இருக்கிறது. நேர்காணலில் சான்றிதழைவிட அச்சான இதழை மேசையில் வைப்பது அதிகம் பேசும்.

கையால் செய்யும் அச்சையும் கற்றுக்கொள்ளட்டும். சென்னையில் தாரா புக்ஸ் பதிப்பகம் கைவினைத் தாளில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்த புத்தகங்களை வெளிநாடு வரை விற்கிறது. புதுச்சேரியிலேயே அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் இயங்குகிறது. அட்டைக்கு அந்தத் தாளை வாங்கி, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் கடையில் ஒரே நிறத்தில் அடித்தால் 300 அட்டை பெரிய வேலை இல்லை. உள்பக்கம் கறுப்பு வெள்ளை போதும். முதல் இதழையே முழு வண்ணத்தில் ஆர்ட் பேப்பரில் போட வேண்டும் என்று அடம்பிடித்தால் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. மாத இதழ், காலாண்டிதழ் என்று முறை வைத்து வெளியிட்டால் 2023-ம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆரம்பத்தில் அது வேண்டாம். முதலாவதைத் தனி நூலாகவே போடட்டும். நூலுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம்.

டிஎன்பிஎஸ்சி பற்றிக் கேட்டீர்கள். பட்டம் முடிந்தபின் அவருக்கே விருப்பம் இருந்தால் எழுதட்டும், கதவு மூடிவிடாது. ஓவிய ஆசிரியர் பணிக்கு அறிவிப்பு வரும்போது தகுதியைப் படித்துப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம். மூன்றாம் ஆண்டில் பாதியில் நிறுத்துவதுதான் உண்மையான நஷ்டம்.

அப்புறம் ஒன்று: இந்த இதழையே இறுதியாண்டு புராஜெக்டாகக் காட்ட முடியுமா என்று துறை ஆசிரியரிடம் மகளைக் கேட்கச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் உழைப்பு இரண்டுக்கும் ஆகும். அடுத்த முறை என்னைப் பார்க்க வரும்போது மகளையும் அழைத்து வாருங்கள். கையால் ஒட்டிய ஒரு டம்மியும் (மாதிரி இதழ்) இரண்டு கொட்டேஷனும் அவர் கையில் இருக்கட்டும்.