விக்டோரியா காலத்து ஏபிசி படப் புத்தகங்கள்: கேள்வி பதில்

ஓவிய மாணவர் ஒருவர்: அந்தக் காலத்தில் இவ்வளவு கலர் எப்படிப் போட்டார்கள்? கையாலா?

19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெரும்பாலும் கையால்தான். கறுப்பில் அச்சான தாள்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்த சிறுவர் சிறுமியரிடம் போகும். ஒருவர் சிவப்பு மட்டும், அடுத்தவர் நீலம் மட்டும். நாள் முழுக்க அதே வேலை. கோட்டைத் தாண்டி வண்ணம் வழிந்திருப்பதில் என்ன ஆச்சரியம்!

1860களில் லண்டன் அச்சகக்காரர் எட்மண்ட் எவன்ஸ் இதை மாற்றினார். ஓவியர் வால்டர் கிரேனின் ரயில் ஏபிசி (1865) போன்றவை இவரிடம் அச்சானவைதான். முதலில் கறுப்புக் கோடுகளை மரக்கட்டையில் செதுக்கி ஒரு பிரதி எடுப்பார்கள். கிரேன் அதில் வண்ணம் தீட்டித் திருப்பித் தருவார். அதைப் பார்த்து ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கட்டை செதுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு முறை அதே தாள் அச்சுக்குப் போக வேண்டும். தாள் இம்மி விலகினாலும் படம் கெட்டது. இத்தனைக்கும் விலை ஆறு பென்ஸ்! நிறையப் பிரதிகள் விற்றால்தான் கட்டுப்படியாகும்.

அம்மா ஒருவர்: எக்ஸுக்கு என்ன படம் போட்டார்கள்? எக்ஸ்ரே அப்போது கிடையாதே?

1895 கடைசியில்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை, ஆங்கிலத்தில் எக்ஸில் தொடங்கும் பெயருள்ள பாரசீக மன்னர் செர்க்ஸஸ்தான் (Xerxes) கைகொடுத்தார். வேடிக்கைப் பாட்டுகள் எழுதிய எட்வர்ட் லியர்கூட அவரிடம்தான் போனார். எனக்குப் பிடித்தது ஓவியர் வில்லியம் நிக்கல்சன் 1898இல் போட்டது: எக்ஸுக்கு ‘சைலோகிராஃபர்’ (xylographer), அதாவது மரக்கட்டையில் படம் செதுக்குபவர். நிக்கல்சன் செய்ததும் அதே தொழில்தானே.

ஓவியர் கேட் கிரீனவேயின் ‘ஏ ஆப்பிள் பை’ என்ற ஏபிசி புத்தகத்தின் மறுபதிப்பு வாங்கினேன். எச்சுக்கு அப்புறம் நேராக ஜே வருகிறது. பக்கம் விட்டுப்போயிற்றா?

இல்லை, திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். 1886 முதல் பதிப்பிலேயே அப்படித்தான். ஓர் ஆப்பிள் பை பண்டத்தை எழுத்துகள் என்ன செய்தன என்று சொல்லும் அந்தப் பாட்டு 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அப்போது ஐயும் ஜேயும் ஒரே எழுத்தாகத்தான் கணக்கு. கிரீனவே பழைய பாட்டில் கை வைக்கவில்லை. கடைசிப் பக்கத்தையும் பாருங்கள்: யூ முதல் இசட் வரை ஆறு எழுத்தும் ஆளுக்கொரு பெரிய துண்டு வாங்கிக்கொண்டு தூங்கப் போய்விடும். சௌகரியமான ஏற்பாடு!

குழந்தைகள் கிழித்துவிட மாட்டார்களா?

கிழித்தார்கள். அதனால் துணியில் ஒட்டிய பதிப்பும் விற்றது, ஒரு ஷில்லிங். காகிதப் பதிப்பைப் போல இரு மடங்கு விலை.

ஆசிரியர் ஒருவர்: இந்தியா எதிலாவது வருகிறதா?

வருகிறது, ஆனால் ரசிக்க முடியாது. 1899இல் திருமதி ஏம்ஸ் எழுதி வரைந்த ‘குட்டி தேசபக்தர்களுக்கான ஏபிசி’யில் ஐ என்றால் இந்தியா: எல்லாரும் புலி சுடவும் விருந்து சாப்பிடவும் போகிற ‘நம்’ கிழக்கு நாடு. நேர் எதிராக, 1846இல் பிலடெல்பியாவில் அடிமை முறையை எதிர்த்தவர்கள் ஒரு ஏபிசி போட்டார்கள். அதில் எஸ் என்றால் சர்க்கரை: உன் கேக்குக்காக அடிமை பாடுபட்டுச் செய்வது. பிள்ளைகளிடம் இப்படி நேராகப் பேசிய புத்தகம் அந்தக் காலத்தில் அபூர்வம்.

பழைய கடையில் ஒரு தாள் கிடைத்தது. அசலா நகலா, எப்படிப் பார்ப்பது?

லென்ஸ் வைத்துப் பாருங்கள். சீராக அடுக்கிய குட்டிக் குட்டி வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் பிற்கால நகல். வண்ணத்துக்குள்ளேயே செதுக்கிய கோடுகள் தெரிந்தால் மரக்கட்டை அச்சு. வண்ணம் ஓரத்தில் மட்டும் திட்டாகத் தேங்கிக் காய்ந்திருந்தால் தூரிகை வேலை. சட்டம் போட்டிருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாத கடைக்காரரிடம் காசு கொடுக்காதீர்கள்.