வெள்ளத்தில் போன சரக்கும் 20 இலட்சம் என்று எழுதிய படிவமும்

கேள்வி: வெல்லம்பிட்டியவில் புடவைக்கடை வைத்திருக்கிறேன். டித்வா புயலில் களனி கங்கை பெருகி, கடைக்குள் நாலரை அடி தண்ணீர் நின்றது. டிசம்பர் சீசனுக்கு எடுத்ததோடு சேர்த்து 20 இலட்சம் ரூபா சரக்கு இருந்தது. கீழ்த்தட்டுகளில் இருந்த 12 இலட்சம் போய்விட்டது. காப்புறுதி 10 இலட்சத்துக்கு எடுத்திருக்கிறேன், ஆனால் கம்பனி 6 இலட்சம்தான் தரும் என்கிறது. வீடு துப்புரவாக்க அரசாங்கம் 25,000 ரூபா தந்தது, கடைக்கு ஒன்றும் இல்லை. காப்புறுதியே எடுக்காத பக்கத்துக் கடைக்காரருக்கு உதவி கிடைத்திருக்கிறது. மிச்ச 6 இலட்சத்துக்கு அரசாங்கத்தின் மீது வழக்குப் போடலாமா? மொத்தச் சரக்கே 12 இலட்சம்தான் என்று திருத்திக் கொடுத்தால் முழுப் பத்தும் வரும் என்கிறார் நண்பர். நிவாரணத்துக்காகக் கிராம உத்தியோகத்தர் தந்த படிவத்தில் காப்புறுதி ‘இல்லை’ என்று போட்டிருக்கிறேன். அதனால் ஏதும் பிரச்சினை வருமா?

பதில்: உங்கள் கடிதம் ஐந்து பக்கம். பக்கத்துக் கடைக்காரர், கிராம உத்தியோகத்தர், எச்சரிக்கை பிந்தி வந்தது, கால்வாயில் குப்பை என்று நாலு பக்கம். உங்கள் மனவேதனை புரிகிறது. ஆனால் வழக்குக்கு உதவுவது கடைசிப் பக்கம்தான்.

அரசாங்கத்தின் மீதான வழக்கை முதலில் முடித்துவிடுவோம். நிவாரணம் வேறு, நட்டஈடு வேறு. நிவாரணம் சுற்றறிக்கைப்படி கொடுக்கப்படுவது. உங்களுக்கு நேர்ந்த இழப்பு முழுவதையும் அரசு நிரப்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2016 வெள்ளத்தின்போது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் வழியாக 25 இலட்சம் வரை என்று ஒரு திட்டம் இருந்தது, சிறு கடைகளும் அதில் அடங்கின. அதை மனதில் வைத்துத்தான் பலர் இன்றும் வருகிறார்கள். ஒரு வெள்ளத்துக்கு இருந்த திட்டம் அடுத்த வெள்ளத்துக்கும் இருந்தாக வேண்டும் என்றில்லை. உங்களைப் போலவே உள்ளவருக்குக் கொடுத்து உங்களுக்கு மறுத்தால் சமத்துவ உரிமையை வைத்து உயர் நீதிமன்றம் போகலாம். அதற்கு மறுத்த நாளிலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம். உங்களுக்கு மறுத்து இரண்டு மாதம் தாண்டிவிட்டது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் நீங்கள் முறையிடவில்லை. ஆகவே அந்த வழியை விட்டுவிடுங்கள்.

சரி, காப்புறுதி. 6 இலட்சம் என்பது கம்பனி கையால் அள்ளிப் போட்ட தொகை அல்ல. உங்கள் பொலிசியில் அவரேஜ் நிபந்தனை இருக்கிறது. 20 இலட்சம் சரக்கை 10 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால் பாதி ஆபத்தை நீங்களே சுமக்கிறீர்கள் என்பது அதன் பொருள். எனவே 12 இலட்ச இழப்பில் பாதி, 6. இந்தக் கணக்குக்கு அடிப்படையான 20 இலட்சம் நீங்களே கம்பனியின் படிவத்தில் எழுதிக் கொடுத்தது. நவம்பரில் புறக்கோட்டையில் கடனுக்குச் சரக்கு எடுத்துத் தட்டுகளை நிரப்பினீர்களே, அப்போது பொலிசித் தொகையையும் கூட்டியிருக்க வேண்டும். அது யாருடைய பொறுப்பு என்று என்னிடம் கேட்டால், உங்களுடையது. நீதிமன்றமும் அதையேதான் சொல்லும்.

இனி உங்கள் நண்பரின் யோசனை. கணக்குப்படி அவர் சொல்வது சரி, மொத்தம் 12 என்றால் 10 இலட்சமும் வரும். அதனால்தான் இது ஆபத்தானது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

2016 வெள்ளத்துக்குப் பிறகு கொலன்னாவப் பக்கத்திலிருந்து ஒரு கடைக்காரர் என்னிடம் வந்தார். ஒரே சரக்குக்கு அவரிடம் நாலு கணக்கு. கடனுக்காக வங்கிக்கு ஒன்று, வரிக்கு ஒன்று, கம்பனிக்கு ஒன்று, பிரதேச செயலகத்துக்கு ஒன்று. எதையும் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை, அந்தந்த மேசையில் கேட்டதற்கு ஏற்ப எழுதினார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நாலு தாள்களையும் வரிசையாக வைத்து, “இதில் எது உண்மை?” என்று மட்டும் கேட்டார். என் கட்சிக்காரரால் பதில் சொல்ல முடியவில்லை. பொய் விபரம் கொடுத்தால் ஒன்றும் கிடையாது என்ற மோசடி நிபந்தனையைக் காட்டிக் கம்பனி முழுக் கோரிக்கையையும் நிராகரித்திருந்தது. அது அப்படியே நின்றது. முதலில் தருவதாகச் சொன்ன தொகையும் போய்விட்டது, வங்கிக் கடன் மட்டும் வட்டியோடு மிஞ்சியது. அந்த மனிதர் நீதிமன்றப் படியில் உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

உங்களிடமும் வங்கிக் கடன் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் சரக்கு விபரம் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒக்டோபர் மாத விபரத்தில் என்ன தொகை போட்டீர்கள் என்று இன்றே பாருங்கள். கம்பனி அதைக் கேட்காது என்று நினைக்க வேண்டாம். பொலிசியில் வங்கியின் பெயரும் இருக்கிறது.

கிராம உத்தியோகத்தரின் படிவமும் இதே வகைதான். உதவி வாங்குவதற்காகப் பொய் விபரம் கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 180ஆம் பிரிவுக்குள் வரக்கூடியது. அதைவிடக் கிட்டிய அபாயம், அந்தத் தாள் கம்பனியின் கைக்குப் போவது. பிரதேச செயலாளருக்கு இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். ‘படிவத்தில் காப்புறுதி இல்லை என்று குறித்தது தவறு, எனக்குப் பொலிசி உண்டு, அதன் பிரதி இணைக்கப்பட்டுள்ளது’ என்ற அளவு போதும். யார் சொல்லி எழுதினீர்கள் என்ற கதை வேண்டாம். தமிழிலேயே எழுதலாம். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்த பிறகு திருத்துவதற்குப் பெறுமதி இல்லை.

நேர்மையாகவே 6ஐக் கூட்ட இடம் இருக்கிறது. கடிதத்தின் ஓரத்தில் பேனையால் இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள். மேல்தட்டில் தப்பிய சேலைகளில் கொஞ்சம் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று ஒன்று. மேல்தட்டில் இருந்த 3 இலட்சம் சரக்கு, விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பி என்ற பேச்சில் மொத்த வியாபாரி தந்தது என்று இன்னொன்று. ஐந்து பக்கத்திலும் பெறுமதியானவை இந்த இரண்டு வரிகள்தான்.

பூஞ்சணம் பிடித்தது 2 இலட்சத்துக்கு என்றால் இழப்பு 14 ஆகும், கிடைப்பது 7 இலட்சம். மொத்த வியாபாரியின் 3 இலட்சம் உங்கள் சரக்கே அல்ல என்று காட்டினால் மொத்தம் 17 ஆகக் குறையும். இரண்டும் சேர்ந்தால் 8 இலட்சத்துக்குச் சற்று மேலே வரும். பொலிசியின் வாசகத்தைப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்லலாம், பிறருடைய சரக்கையும் சில பொலிசிகள் உள்ளடக்கும். நண்பரின் யோசனைக்கும் இதற்கும் வித்தியாசம், இதற்கு ஆதாரம் இருக்கிறது என்பதுதான். அந்த வியாபாரியிடம் கடிதம் வாங்குங்கள். ஊறிப்போன பில் புத்தகத்தை எறிந்துவிடாதீர்கள், தாள் தாளாகப் பிரித்துக் காயவையுங்கள். பூஞ்சணம் பிடித்த சேலைகளைக் கழுவவோ மலிவுக்கு விற்கவோ வேண்டாம், கம்பனியின் மதிப்பீட்டாளர் மறுபடி வந்து பார்க்கும்வரை அப்படியே இருக்கட்டும்.

அதுவரை ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்று போட்ட பற்றுச்சீட்டில் கையொப்பம் வைக்காதீர்கள். வைத்தால் பேச்சு அதோடு சரி. பணம் அவசரமென்றால், தகராறில்லாத 6 இலட்சத்தை முற்பணமாகக் கேளுங்கள். பல கம்பனிகள் கொடுக்கும். காசோலை வங்கி வழியாகத்தான் வரும் என்பதால், கடனில் எவ்வளவு கழிப்பார்கள் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஏழரை வரை வந்தால் எடுத்துக்கொண்டு முடித்துவிடுங்கள். கம்பனி அசையாவிட்டால், காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குச் செலவில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் ஆண்டுக்கணக்கில் இழுபடும், அவ்வளவு காலமும் கடன் வட்டி ஓடும். ஒன்றரை இலட்ச வித்தியாசத்துக்காக அந்த வழக்கை நான் எடுக்க மாட்டேன். வேறொரு சட்டத்தரணி எடுப்பதாகச் சொன்னாலும், வங்கிக்குக் கொடுத்த ஒக்டோபர் விபரத்தை முதலில் அவருக்குக் காட்டுங்கள்.