பந்தயக் குதிரைகளுக்குச் சிகார், சீக்ரெட்டேரியட், ரெட் ரம் என்றெல்லாம் ஏன் பெயர் வைக்கிறார்கள்? ஒரு குதிரையின் பெயருக்குப் பொருள் கண்டுபிடிப்பது எப்படி?

அகராதியைக் கடைசியில் திறங்கள். முதலில் குதிரையின் தாய் தந்தை பெயர்களைப் பாருங்கள். அடுத்து அது எந்த இனம், எந்தப் பதிவேட்டில் சேர்ந்தது, எந்த ஆண்டு பிறந்தது என்று பாருங்கள். வைத்தவர் யார், என்ன தொழில் செய்தார் என்பது அதற்கும் பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் தவறான விடைதான் கிடைக்கும்.

அகராதி எப்படி ஏமாற்றும் என்பதற்கு நீங்கள் கேட்ட சிகார் நல்ல எடுத்துக்காட்டு. 1990இல் பிறந்து தொடர்ச்சியாக 16 பந்தயங்களை வென்ற இந்த அமெரிக்கக் குதிரைக்கும் சுருட்டுக்கும் தொடர்பே இல்லை. உரிமையாளர் ஆலன் பால்சன் விமானத் தொழிலில் இருந்தவர். வான்வழி வரைபடங்களில் விமானிகளுக்காகக் குறிக்கப்படும் இடப்புள்ளிகளுக்கு ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துப் பெயர்கள் உண்டு. அவற்றையே தன் குதிரைகளுக்கு வைத்தார். அவருடைய இன்னொரு புகழ்பெற்ற குதிரையான அராசியின் பெயரும் அப்படி வந்ததுதான்.

பெற்றோர் பெயர்களிலிருந்து புதிர் போலக் கோப்பதுதான், வேகப் பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தரோபிரெட் இனக் குதிரைகளில் மிகப் பரவலான முறை. ஸீபிஸ்கட்டின் தந்தை ஹார்ட் டேக். கப்பலோட்டிகள் மாதக்கணக்கில் கெடாமல் வைத்துத் தின்ற கல் போன்ற ரொட்டிக்கு அதுதான் பெயர். கடல் பிஸ்கட் என்பது அதே பண்டத்தின் மறுபெயர். பாலினேசியன் (பசிபிக் தீவுவாசி) என்ற தந்தைக்கும் கெய்ஷா (ஜப்பானிய ஆடல்பாடல் கலைஞர்) என்ற தாய்க்கும் பிறந்தது நேட்டிவ் டான்ஸர் (மண்ணின் ஆடற்கலைஞர்). இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்தால் மூன்றாவது தானே விளங்கிவிடுகிறது. ரெட் ரம்மை எதிர்ப்பக்கமிருந்து வாசித்தால் 'மர்டர்' (கொலை) என்று வருவதால் பலர் அதில் ஏதோ மர்மம் தேடுகிறார்கள். உண்மையில் தாய் மாரெட், தந்தை குவோரம். ஒவ்வொன்றின் கடைசி மூன்று ஆங்கில எழுத்துகளையும் ஒட்டினால் ரெட் ரம். 1973, 1974, 1977 என மூன்று முறை இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் தடைதாண்டும் பந்தயத்தை வென்ற குதிரை அது.

பதிவேட்டு விதியைக் கவனிக்காவிட்டால் சில பெயர்கள் எழுத்துப்பிழை போலத் தோன்றும். தரோபிரெட் பெயருக்கு இடைவெளியும் நிறுத்தக்குறியும் சேர்த்து 18 எழுத்துகள்தான் உச்சவரம்பு. 2015இல் அமெரிக்க மும்மகுடம் (ஒரே ஆண்டில் மூன்று பெரிய பந்தயங்கள்) வென்ற அமெரிக்கன் ஃபாரோவின் தந்தை பெயரை ஆங்கிலத்தில் பாருங்கள்: 'பயனியர்ஆஃப் தி நைல்'. முதல் இரண்டு சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. இடைவெளி விட்டால் 19 ஆகிவிடும். ஒட்டினால் சரியாக 18. தாயின் பெயரோ 'லிட்டில்பிரின்சஸ்எம்மா', மூன்று சொற்களும் ஒரே சொல்லாக, அதுவும் மிகச் சரியாக 18. மகனின் பெயரில் 'ஃபாரோ' என்ற சொல்லின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருப்பதற்கு மட்டும் விதி காரணமில்லை. அது பிழைதான். அனுப்பியபடியே பதிவாகி, அப்படியே நிலைத்துவிட்டது.

நீளம் மட்டுமல்ல. அமெரிக்காவில், உயிரோடிருப்பவரின் பெயரை வைக்க அவருடைய எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். வெறும் முதலெழுத்துகளை மட்டும் பெயராக வைக்க முடியாது. பெரும்புகழ் பெற்ற குதிரைகளின் பெயர்களை மறுபடி யாருக்கும் தருவதில்லை. அதனால் மனத்துக்குப் பிடித்த முதல் பெயரே கிடைப்பது அரிது. சீக்ரெட்டேரியட்டுக்கு நடந்தது அதுதான். தாய் சம்திங்ராயல், தந்தை போல்டு ரூலர் என்பதால் 'ராயல் லைன்', 'சம்திங் ஸ்பெஷல்' போன்றவற்றை அனுப்பினார்கள். எல்லாம் திரும்பி வந்தன. கடைசியில் பண்ணையின் செயலாளர் எலிசபெத் ஹாம், தன் முந்தைய பணியில் தொடர்பிலிருந்த சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) செயலகத்தை நினைத்து எழுதிய பெயர் ஏற்கப்பட்டது. 1973இல் அமெரிக்காவின் பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீள வித்தியாசத்தில் வென்ற குதிரைக்குச் 'செயலகம்' என்று பெயர் வந்தது இப்படித்தான்.

ஐரோப்பாவின் தடை தாண்டும் குதிரைகளிலும், கட்டளைக்கேற்ப நுணுக்கமாக அடியெடுத்து வைக்கும் டிரெஸ்ஸாஜ் போட்டிக் குதிரைகளிலும் முதலெழுத்துதான் சாவி. ஹனோவர், ஓல்டன்பர்க் இனங்களில் தந்தையின் முதலெழுத்து தொடரும்: டோனர்வெட்டர், அதன் மகன் டோனர்ஹால், அதன் மகன் டி நீரோ. இடிமழையில் தொடங்கி நடிகர் பெயரில் முடிந்தாலும் எழுத்து மாறவில்லை. டிராகேனர் இனத்தில் தாயின் எழுத்து. நெதர்லாந்தின் பதிவேட்டில் பிறந்த ஆண்டுக்கு ஓர் எழுத்து. 2000இல் பிறந்தது டோட்டிலாஸ் (T), 2002இல் பிறந்தது வலெக்ரோ (V). இந்தப் பெயர்களுக்கு ஆழமான பொருள் தேடுவது வீண் வேலை. எழுத்துக்காகவும் ஓசைக்காகவும் புனையப்பட்டவை இவற்றில் நிறைய.

மொழியைத் தவறாக ஊகிப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஃபார் லாப் என்ற பெயரில் 'தூரம்', 'சுற்று' என்ற ஆங்கிலச் சொற்கள் காதில் விழும். அது தாய்லாந்து மொழி. 'ஃபா' வானம், 'லேப்' பளிச்சிடுதல், சேர்ந்தால் மின்னல். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பையை முன்பு வென்ற குதிரைகள் சிலருடைய பெயர்களைப் போல ஏழு எழுத்து, இரண்டு சொல் என வரவேண்டும் என்பதற்காக எழுத்துக்கூட்டலை மாற்றினார்கள். 1930இல் அந்தக் கோப்பையை வென்றது. ஓடிய 54 பந்தயங்களையும் வென்ற ஹங்கேரியக் குதிரை கிஞ்செம். அந்தப் பெயருக்கு 'என் செல்வம்' என்று பொருள். தமிழில் கொஞ்சும் அதே சொல்!

பதிவேடுகளே இல்லாத காலத்தில் பெயர் பெரும்பாலும் நிறத்திலும் உருவத்திலும் நின்றது. கிரேக்க இதிகாச வீரன் அகிலீஸின் குதிரைகளான ஸாந்தோஸ் மஞ்சள் நிறத்தது, பாலியோஸ் புள்ளி போட்டது. அலெக்சாந்தரின் புகெஃபலோஸ் என்றால் மாட்டுத்தலை. அந்த வடிவில் சூட்டுக்குறி இருந்ததாகப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. சிறுபாணாற்றுப்படையில் 'காரிக் குதிரைக் காரி', 'ஓரிக் குதிரை ஓரி' என்று வருகிறது. குதிரைக்கும் அதை உடைய தலைவனுக்கும் ஒரே பெயர். காரி கருமை, ஓரிக்குப் பிடரிமயிர் என்ற பொருளும் உண்டு. குதிரையையும் வீரனையும் பிரித்துப் பார்க்காத அந்தச் சொற்கட்டு எனக்கு மிகவும் பிடித்தது. சூரிய கிரகணத்தன்று, 1764 ஏப்ரல் 1இல், பிறந்ததால் எக்லிப்ஸ் ஆன குதிரையைப் போலப் பிறந்த நேரத்தை வைத்த பெயர்களும் இருக்கின்றன.

நீங்களே ஒரு குட்டிக்குப் பெயர் வைப்பதாக இருந்தால் நிறத்தை நம்பாதீர்கள். சாம்பல் நிறக் குதிரைகள் பிறக்கும்போது கருப்பாகவோ பழுப்பாகவோதான் இருக்கும். ஆண்டுக்காண்டு வெளுத்து ஏறக்குறைய வெள்ளையாகிவிடும். தாய் தந்தையரில் ஒன்று சாம்பல் நிறமாக இருந்து, குட்டியின் கண்ணைச் சுற்றி வெள்ளை மயிர் தெரிந்தால் 'கருப்பன்' என்று வைக்க வேண்டாம். பதிவுக்கு ஐந்தாறு பெயர்களையாவது விருப்ப வரிசையில் தயாராக வைத்திருங்கள். லாயத்தில் கூப்பிடுவதற்கு ஓரிரு அசையில் தனிப் பெயர் போதும்; வலெக்ரோவை லாயத்தில் 'புளூபெர்ரி' என்றுதான் அழைத்தார்கள். அந்தப் பெயர் நிற்கச் சொல்லும் 'வோ' போன்ற கட்டளையின் ஓசையில் இருக்கக் கூடாது. ஜோ, போ என்று வைத்துவிட்டு ஓடும்போது கூப்பிட்டால் குதிரை குழம்பும்.