காரில் கலிபோர்னியாவா, யெல்லோஸ்டோனா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம்; நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். இந்தக் கோடையில் இரண்டு வார லீவில் காரிலேயே நாட்டைக் குறுக்கே கடக்க ஆசை. பிள்ளைகளுக்கு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் வீடு வாங்கிய மைத்துனரோ, 'கிரகப்பிரவேசத்துக்குக் குடும்பத்தோடு காரில் வந்தே ஆகணும், அத்தான்' என்கிறார். கிரெடிட் கார்டில் போன வருடப் பயணக் கடன் 6,400 டாலர், வட்டி 24%. மினிமம் தவறாமல் கட்டுகிறேன். ஊரில் எஸ்ஐபிக்கு (மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணை முதலீடு) மாதம் 700 டாலர் போகிறது. பயணச் செலவுக்கு 401கே-யில் (வேலை வழி ஓய்வுக்காலச் சேமிப்பு) 5,000 கடன் எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். வேலை போனால் அந்த ஆண்டின் வரித் தாக்கல் கெடுவுக்குள் மீதியைத் திருப்ப வேண்டும். முடியாவிட்டால் வரியோடு 10% அபராதம். எச்1பி வேலை விசா என்றால் அதே சமயம் 60 நாளில் வேறு வேலையும் தேட வேண்டும்.

என்னைக் கவலைப்பட வைத்தது அந்தத் 'தவறாமல்' என்ற சொல். மினிமம் சுமார் 192 டாலர் இருக்கும். அதில் 128 வட்டி. அசலில் குறைவது 64தான். இன்னொன்று: பாக்கி நிற்கும் கார்டுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. வழியில் நெப்ராஸ்காவில் பெட்ரோலுக்குத் தேய்த்தால் அன்றே வட்டி ஓடத் தொடங்கும். 2% கேஷ்பேக் அதற்கு எந்த மூலைக்கு?

24% கடனை வைத்துக்கொண்டு எஸ்ஐபி போடுவது எந்தக் கணக்கிலும் சேராது. எல்லோரும் போடுகிறார்கள் என்பது காரணமாகாது. அமெரிக்காவில் வரி கட்டுபவருக்கு இந்திய ஃபண்டில் பிஎஃப்ஐசி (வெளிநாட்டு ஃபண்டுகளுக்கான அமெரிக்க வரி விதி) தொல்லை வேறு. அதற்கான 8621 படிவம் பற்றி உங்கள் வரிக் கணக்காளரிடம் கேளுங்கள். எஸ்ஐபியை நிறுத்தி அந்த 700-ஐயும் கார்டிலேயே கட்டுங்கள். மாதம் 890 போனால் எட்டு மாதத்தில் கடன் தீரும். இந்த ஜூனில் தொடங்கினால் ஜனவரியில் முடியும். அதே தொகையைப் பிப்ரவரி முதல் ஜூலை வரை சேர்த்தால் 5,300 கையில் இருக்கும். பயணம் அடுத்த ஆகஸ்டில்.

போவது யெல்லோஸ்டோனுக்கு. மைத்துனர் ஊருக்குப் பக்கத்து சான் பிரான்சிஸ்கோவே ஐ-80 நெடுஞ்சாலை வழியாக 2,900 மைல். தினம் 500 மைல் ஓட்டினாலும் போக வர 12 நாள். மிச்சம் இரண்டே நாள். போவதற்கு மட்டும் ஒருவழி வாடகைக் கார் எடுத்தால் வேறு ஊரில் விடுவதற்கென்றே நூற்றுக்கணக்கில் கேட்பார்கள். யெல்லோஸ்டோன் சுமார் 2,200 மைல்: ஒன்பது நாள் சாலையில், ஐந்து நாள் அங்கே. காலனுக்கு 25 மைல், 3.50 டாலர் என்று வைத்தால் பெட்ரோல் 620. தங்க 2,200, சாப்பாடு 1,250. எல்லாம் சேர்த்து 4,200-க்குள் அடங்கும்.

நுழைவுக்கு 80 டாலர் வருடாந்தர பாஸ் வாங்குங்கள். வழியிலும் பக்கத்திலும் உள்ள பூங்காக்களையும் சேர்த்து, காருக்கு பேட்லாண்ட்ஸ் 30, யெல்லோஸ்டோன் 35, கிராண்ட் டீட்டன் 35 என்று தனித்தனியாகக் கட்டினால் 100 ஆகும். அதிபர்களின் முகங்களை மலையில் செதுக்கிய மவுண்ட் ரஷ்மோரில் பார்க்கிங்குக்குப் பாஸ் செல்லாது. அது தனியாக 10. யெல்லோஸ்டோனுக்குள்ளே பெரும்பாலும் வேகம் மணிக்கு 45 மைலுக்கு மேல் கிடையாது, காட்டெருமை நடுரோட்டில் நின்றால் அதுவும் இல்லை. 142 மைல் சுற்றுச் சாலைக்கு மூன்று நாளாவது ஒதுக்குங்கள். அறையை ஜனவரியிலேயே, ரத்து செய்யக்கூடியதாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு நீங்கள் மட்டும் விமானத்தில் போய் வாருங்கள். அக்காவையும் பிள்ளைகளையும் வேறொரு விடுமுறையில் அழைத்து வருவதாக மைத்துனரிடம் இப்போதே போனில் சொல்லிவிடுங்கள். அவர் தேதி குறிக்கும்வரை தள்ளிப்போடாதீர்கள்.