வலோரன்ட்: முதல் வாரத்துக் குழப்பங்கள் (வாசகர் கேள்வி பதில்)

திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பல ஒரே விளையாட்டைப் பற்றியவை என்பதால், இந்த இதழின் பக்கத்தை அதற்கே கொடுத்துவிட்டோம். தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: ரயட் கேம்ஸ் 2020 ஜூனில் வெளியிட்ட இலவச விளையாட்டு. ஐவருக்கு ஐவர். ஒரு பக்கம் ‘ஸ்பைக்’ என்ற குண்டை வைக்கப் பார்க்கும், மறுபக்கம் தடுக்கும். 12 ரவுண்ட் முடிந்ததும் பக்கம் மாறும். 13 ரவுண்ட் முதலில் எடுத்த அணி வெல்லும்.

மூன்று வருடம் போனில் பப்ஜி ஆடினேன். இப்போது கணினியில் வலோரன்ட், ஐந்து நாள் ஆகிறது. எதிரி நேரே நிற்கிறான், அரை மெகசின் அடித்தும் படவில்லை. அவன் ஒரே வெடி, நான் காலி. நெட் பிழையா, கை பிழையா?
– வாசகர், உவர்மலை

இரண்டும் இல்லை, கால் பிழை. இந்த விளையாட்டில் ஓடிக்கொண்டே சுட்டால் சன்னம் நீங்கள் குறிவைத்த புள்ளிக்குப் போகாது. அதைச் சுற்றி எங்காவது போகும். போன் விளையாட்டுகளில் ஓடியபடி அடித்துப் பழகியவருக்கு முதல் வாரம் முழுக்க இதுதான் அடி.

நம்பாவிட்டால் பயிற்சித் திடலுக்குப் போங்கள். வேண்டல் துவக்கை எடுத்து, சுவருக்குப் பத்தடி தள்ளி நின்று, பக்கவாட்டில் ஓடியபடி ஐந்து வெடி. பிறகு நின்று, ஒவ்வொன்றாக ஐந்து வெடி. சுவரில் விழுந்த துளைகளைப் பாருங்கள். முதல் ஐந்தும் சிதறிக் கிடக்கும், அடுத்த ஐந்தும் ஒரு கைக்குள் அடங்கும்.

ஆகவே தாளம் இதுதான்: நகர், நில், சுடு, மறுபடி நகர். இடப்பக்கம் போக ‘ஏ’ விசையை அழுத்தியிருந்தால், அதை விட்டதும் ‘டி’யை ஒரு தட்டுத் தட்டுங்கள். கால் இன்னும் கெதியாக நிற்கும். நின்ற அந்தக் கணத்தில் சுட வேண்டும். விசையை விடுமுன் விரல் மவுஸை அழுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை.

இன்னொன்று, தொடர்ந்து அழுத்திப் பிடிக்காதீர்கள். வேண்டலில் முதல் சில சன்னங்களுக்குப் பின் துவக்கு மேலே ஏறும், பிறகு இடம் வலமாக ஆடும். தூரத்து எதிரிக்கு ஒன்று அல்லது இரண்டு, சற்று நிறுத்தி மறுபடி. கிட்டத்தில் வந்துவிட்டால் மட்டும் அழுத்திப் பிடிக்கலாம்.

‘ஒரே வெடி’ என்பதும் கள்ளவேலை அல்ல. முழு உயிர் 100, பெரிய கவசம் 50, மொத்தம் 150. வேண்டலின் தலைச்சன்னம், அதாவது தலையில் படும் ஒரு சன்னம், எந்தத் தூரத்திலும் 160 உயிரைக் குறைக்கும். பான்டம் என்ற இன்னொரு துவக்கு கிட்டத்தில் 156, 15 மீட்டர் தாண்டினால் 140. அதனால் பெரிய கவசம் போட்டவர் தூரத்தில் நின்றால் பான்டத்தின் ஒரு தலைச்சன்னத்தில் விழமாட்டார்.

மவுஸ் வேகம் எவ்வளவு வைப்பது? ஒரு அண்ணா கூட்டச் சொல்கிறார், இன்னொருவர் குறைக்கச் சொல்கிறார்.
– பள்ளி மாணவி, லிங்கநகர்

குறைக்கச் சொன்னவர் பக்கம் நாங்கள், தங்கச்சி. மவுஸ் 800 டிபிஐ (மவுஸின் நுணுக்க அளவு), விளையாட்டுக்குள் 0.35 என்று தொடங்குங்கள். அப்படி வைத்தால் ஒரு முழு வட்டம் திரும்ப மவுஸ் ஏறத்தாழ 47 சென்டிமீட்டர் நகர வேண்டும். அடிமட்டம் வைத்து அளந்து பார்க்கலாம். மேசையில் அவ்வளவு இடம் வேண்டும், கீபோர்டைச் சரித்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு அந்த எண்ணைத் தொடாதீர்கள். தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் மாற்றினால் கை எதையும் பழகாது.

வேகத்தைவிட முக்கியம், திரை நடுவில் இருக்கும் குறிப்புள்ளி எங்கே நிற்கிறது என்பது. புதியவர்கள் உப்புவெளிக் கரையில் சிப்பி பொறுக்குகிறவர்கள் மாதிரி நிலத்தைப் பார்த்தே நடப்பார்கள். எதிரி வந்ததும் மேலே தூக்கி, பக்கம் திருப்பி, பிறகு சுட வேண்டிவரும். இங்கே எல்லாப் பாத்திரங்களுக்கும் தலை ஒரே உயரம். அந்த உயரத்தில் புள்ளியைப் பிடித்தபடியே நடந்தால் பாதி வேலை முடிந்தது. மூலையைக் காவல் காக்கும்போது புள்ளியைச் சுவர் விளிம்பில் ஒட்டாமல், ஓர் ஆள் அகலம் வெளியே தள்ளி வையுங்கள். விளிம்பில் ஒட்டினால் வருகிறவன் புள்ளியைத் தாண்டிய பிறகுதான் உங்கள் விரல் அசையும். சுவரோடு ஒட்டி நிற்கவும் வேண்டாம். மூலையிலிருந்து தள்ளி நிற்பவருக்கே மற்றவர் முதலில் தெரிவார்.

இரண்டாவது ரவுண்டில் துவக்கு வாங்கினால் அணியில் எல்லோரும் ஏசுகிறார்கள். என் காசு, நான் வாங்கினால் என்ன?
– வாசகர், கிண்ணியா

காசு உங்களுடையதுதான். ஆனால் ஐந்து பேரும் ஒரே ரவுண்டில் வாங்கினால்தான் அதற்குப் பெறுமதி. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

முதல் ரவுண்டில் ஆளுக்கு 800. அதைச் செலவழித்துத் தோற்றீர்கள், ஒருவரை வீழ்த்தினீர்கள் என்று வைப்போம். தோல்விக்கு 1900, வீழ்த்தியதற்கு 200, கையில் 2100. இப்போது ஸ்பெக்டர் துவக்கு 1600, சின்னக் கவசம் 400 வாங்கினால் மிச்சம் 100. எதிர் அணி வென்ற காசில் நல்ல துவக்கோடு வருகிறது, பெரும்பாலும் மறுபடி தோற்பீர்கள். இரண்டாவது தொடர் தோல்விக்கு 2400 வரும், கையில் 2500. வேண்டல் 2900. எட்டாது. மூன்றாவது ரவுண்டும் அரைகுறை.

மற்ற வழி: இரண்டாவது ரவுண்டில் எதுவும் வாங்காமல் இலவசக் கைத்துவக்கோடு போங்கள். தோற்றாலும் 2100உம் 2400உம் சேர்ந்து 4500. வேண்டல் 2900, பெரிய கவசம் 1000, மிச்சம் 600 திறன்களுக்கு. மூன்றாவது ரவுண்டில் ஐவரும் முழு ஆயுதத்தோடு நிற்கலாம். அதற்குத்தான் அந்த ஏச்சு. (ஏசாமலும் சொல்லலாம் என்பது வேறு விடயம்.)

தொடர்ந்து தோற்றால் 1900, 2400, 2900 என்று ஏறி 2900இல் நிற்கும். ஒரு ரவுண்ட் வென்றதும் மறுபடி 1900இலிருந்து. வென்றால் 3000. ஆகக்கூடிய சேமிப்பு 9000. பக்கம் மாறும்போது எல்லாம் அழிந்து மறுபடி 800 ஆகிவிடும் என்பதால் 12ஆவது ரவுண்டில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. இந்த எண்கள் புதுப்பிப்புகளில் மாறலாம். வாங்கும் திரையில் அடுத்த ரவுண்டில் குறைந்தது எவ்வளவு கிடைக்கும் என்று ஒரு மூலையில் எழுதியிருக்கும். அதில் 3900 (வேண்டலும் பெரிய கவசமும்) காட்டாவிட்டால் வாங்காமல் கையை மடக்குங்கள்.

தாக்குகிற பக்கம் ஆடும்போது, ஸ்பைக்கை வைக்காமல் நேரம் முடியும்வரை ஒளிந்திருந்து உயிர் தப்பினால் தோல்விக் காசு 1000 மட்டுமே. துவக்கைக் காப்பாற்றினேன் என்று நினைப்பீர்கள், பையில் ஓட்டை.

எந்த ஏஜென்ட் (பாத்திரம்) எடுப்பது? ஜெட் எடுத்தால் பறக்கலாம் என்று எடுத்தேன், பறந்துபோய்ச் செத்ததுதான் மிச்சம்.
– வாசகர், மூதூர்

தொடக்கத்தில் இலவசமாக இருப்பவர்களில் சேஜ், பிரிம்ஸ்டோன் இருவரில் ஒருவரை எடுங்கள். ஜெட்டுக்கு முதலில் உள்ளே பாய்ந்து முதல் ஆளை வீழ்த்துகிற வேலை. குறி படியாதவர் கையில் அது வீண். சேஜ் காயம்பட்டவருக்கு உயிர் கொடுப்பார், வழியை மறித்துச் சுவர் எழுப்புவார். சுடத் தெரியாவிட்டாலும் அணிக்கு உதவும்.

பிரிம்ஸ்டோனின் புகையில் ஒரு சிக்கல். வரைபடத்தைத் திறந்து இடங்களைக் குறித்தால் மட்டும் போதாது, வலப்பக்க மவுஸ் பொத்தானை அழுத்தி உறுதிசெய்ய வேண்டும். அதை மறந்து ‘புகை வரவில்லையே’ என்று பார்த்துக்கொண்டிருக்க அணி உள்ளே ஓடிவிடும். புகை ஏறத்தாழ 19 வினாடி நிற்கும். வாசலை முழுதாக அடைக்கும்படி வையுங்கள். ஒரு கையகலம் இடைவெளி விட்டால் எதிரி அந்தப் பிளவில் நின்று உங்களைப் பார்ப்பான், உங்களுக்கு அவன் தெரியமாட்டான்.

ஸ்பைக்கை வைத்தபின்தான் அதிகம் தோற்கிறோம். ஏன்?
– நான்கு நண்பர்கள், பாலையூற்று

வைத்ததும் வேட்டைக்குப் போகிறீர்கள், அதுதான். ஸ்பைக் வைத்து 45 வினாடியில் வெடிக்கும். செயலிழக்க வைக்க 7 வினாடி வேண்டும். அதாவது நேரம் இப்போது உங்கள் பக்கம், எதிரிதான் உங்களிடம் வர வேண்டும். ஸ்பைக் தெரிகிற இரண்டு வெவ்வேறு திசையில் பிரிந்து நின்று காத்திருங்கள். ஒரே மூலையில் நான்கு பேர் நின்றால் ஒருவனே நால்வரையும் பார்த்துவிடுவான்.

செயலிழக்கும் சத்தம் கேட்டதும் பாய வேண்டாம். தொட்டுவிட்டு விட்டு, நீங்கள் தலைகாட்டுகிறீர்களா என்று பார்ப்பார்கள். ஆனால் 3.5 வினாடி தாண்டிப் பிடித்துவிட்டால் பாதி வேலை சேமிக்கப்படும், மறுமுறை மீதிப் பாதி போதும். ஒரு தொடலுக்கு மூன்று எண்ணுங்கள், சத்தம் நிற்காவிட்டால் எட்டிப் பாருங்கள். தடுக்கிற பக்கம் நீங்களாக இருந்து, 7 வினாடிக்குக் குறைவாகவே இருக்கிறது, பாதியும் எடுக்கவில்லை என்றால் தூரம் ஓடித் துவக்கைக் காப்பாற்றுங்கள்.

திருகோணமலையில் இருந்து ஆடினால் பிங் (சேர்வருக்குப் போய்வரும் நேரம்) கூடும் என்கிறார்கள். கொழும்புக்காரருக்குத்தான் இந்த விளையாட்டா?
– வாசகர், சாம்பல்தீவு

ஊரைக் குற்றம் சொல்லாதீர்கள். கண்ணாடி இழையில் ஒளி 1000 கிலோமீட்டர் போய் வர 10 மில்லிசெகண்ட். கடலடிக் கேபிள்கள் கொழும்பு, மாத்தறைப் பக்கம்தான் கரையேறுகின்றன. நம் ஊரிலிருந்து அங்கே போகிற தூரம் கூட்டுவது ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட். கொழும்பிலிருந்து, சேர்வர் இருக்கும் சிங்கப்பூருக்கான தூரமே 27 அளவில் எடுக்கும். உங்களைக் கொல்வது இந்தத் தூரங்கள் அல்ல, பெரும்பாலும் அறைக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கும் சுவர்.

சோதித்துப் பாருங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும், கட்டளைத் திரையில் பிங் செய்யுங்கள். 1 முதல் 5 வரை நிலையாக வந்தால் வீட்டுக்குள் பிழை இல்லை. இடைக்கிடை 80, 100 என்று துள்ளினால் வை-ஃபைதான் காரணம். லான் வயர் இழுங்கள், 100 மீட்டர் வரை தாங்கும். வயர் முடியாவிட்டால் 5 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு மாறுங்கள்.

விளையாட்டின் வீடியோ அமைப்பில் புள்ளிவிபரப் பகுதியில் ‘பாக்கெட் லாஸ்’ (வழியில் தொலையும் தரவு) காட்டச் சொல்லுங்கள். நிலையான 70 பிங்கோடு ஆடலாம். பாக்கெட் இழப்பு இருந்தால் 30இலும் ஆட முடியாது. ஆட்டம் தேடுமுன் சேர்வர் பட்டியலில் மும்பை, சிங்கப்பூர் இரண்டின் பிங்கையும் பார்த்துக் குறைந்ததைத் தெரிவுசெய்யுங்கள். அந்தப் பட்டியலில் ஐரோப்பிய நகரங்கள் தெரிந்தால், கணக்குத் திறந்தபோது விபிஎன் (வேறு நாட்டிலிருந்து வருவதுபோல் காட்டும் இணைப்பு) ஓடியிருக்கிறது, வலயம் பிழை.

‘வேன் 9003’ என்று பிழைச் செய்தி வந்து விளையாட்டுத் திறக்கவே இல்லை.
– வாசகர், தம்பலகாமம்

விண்டோஸ் 11இல் செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளோடு மட்டும் கணினியை எழுப்பும் காவல்) நிறுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். 9001 வந்தால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு பயோஸில் (கணினி எழும்பும்போது திறக்கும் அடிப்படை அமைப்பு) கை வைக்காதீர்கள். முதலில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்து பயோஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். யூஇஎஃப்ஐ என்றிருந்தால் பயோஸில் செக்யூர் பூட்டை இயக்கினால் போதும். லெகசி என்றிருந்தால் வட்டு பெரும்பாலும் பழைய எம்பிஆர் முறையில் இருக்கும். அதைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றாமல் அமைப்பை மட்டும் மாற்றினால் விண்டோஸே எழும்பாது. மாற்ற விண்டோஸிலேயே கருவி உண்டு, ஆனால் படங்கள், பாடக்குறிப்புகளை வெளியே நகல் எடுத்த பிறகுதான். பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டுப் போட்டிருந்தால் மீட்புக் குறியீட்டையும் எழுதி வையுங்கள்.

முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு படம் இழுக்கிறது.
– வாசகர், நிலாவெளி

சூடு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அறையே கொதிக்கும்போது லப்டொப் தன்னைக் காக்க வேகத்தைக் குறைக்கும். பின்பக்கத்தை இரண்டு விரல் உயர்த்தி வையுங்கள், எஃப்பிஎஸ் (வினாடிக்கு வரும் படங்கள்) வரம்பைத் திரையின் ஹேர்ட்ஸ் அளவுக்கே கட்டுங்கள். கடற்கரை வீடு என்றால் காற்றாடியில் ஒட்டுவது வெறும் தூசி அல்ல, உப்பும் ஈரமும் சேர்ந்த பசை. ஊதினால் போகாது, கழற்றித் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மகன் சாதாரண தரம் எழுதப் போகிறான். சாப்பிடக் கூப்பிட்டால் ‘இடையில் விட ஏலாது’ என்கிறான். துவக்குச் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது.
– ஒரு தாய், மட்டிக்களி

இடையில் விட முடியாது என்பது உண்மை, அம்மா. விட்டால் தண்டனை, மற்ற நால்வருக்கும் நட்டம். முழு ஆட்டம் 30, 40 நிமிடம் போகும். ஆனால் ‘ஸ்விஃப்ட்பிளே’ என்ற வகை ஏறத்தாழ கால் மணித்தியாலம், ‘ஸ்பைக் ரஷ்’ அதிலும் குறைவு. பாடமுள்ள நாளில் இவை மட்டும் என்று பேசி வையுங்கள். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பே சொல்லுங்கள், புது ஆட்டம் தொடங்காமல் இருப்பான்.

சத்தத்துக்கு ஹெட்போன் கட்டாயம். காலடி கேட்க அவனுக்கும் அது தேவை, மறுக்கமாட்டான். அந்நியர்களின் ஏச்சு காதில் விழுகிறதென்றால், ஆட்டத்துக்குள்ளேயே வரும் வீரர் பட்டியலில் ஒவ்வொருவரின் குரலையும் அடைக்கலாம். ஐரோப்பிய வயதுக் குறியீடு இதற்கு 16. காசு கேட்டால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: துவக்குக்குப் போடும் வண்ணங்கள் அழகுக்கு மட்டுமே, சுடும் பலம் கூடாது.

ரேங்க் (தரவரிசை) ஆட்டம் ஏன் பூட்டிக் கிடக்கிறது?
– வாசகர், சீனக்குடா

கணக்கு 20ஆவது நிலைக்கு வந்தால் திறக்கும். அதுவரை சாதாரண ஆட்டம், நடுவில் டெத்மேட்ச் (அணியில்லாத தனிச் சண்டை). அதில் 40 பேரை முதலில் வீழ்த்துகிறவர் வெல்வார், ஆனால் நீங்கள் அந்த எண்ணைப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு வெடிக்கும் முன் கால் நின்றதா என்று மட்டும் பாருங்கள்.