கண்மாய் கிரிக்கெட்டில் சேர்க்க மறுத்தனர். சாதி சொல்லித் திட்டினர்: எங்கே முறையிடுவது?

கேள்வி: மதுரைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் வசிக்கும் நாங்கள் பட்டியல் சாதியினர். கோடை விடுமுறையில் பக்கத்து ஊரின் வறண்ட கண்மாயில் நடந்த டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டிக்கு என் தம்பியின் அணி நுழைவுக் கட்டணம் கட்டியது. எந்தத் தெருப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காரணம் கேட்ட தம்பியைக் கூட்டத்துக்கு முன்னால் சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள். காவல் நிலையத்தில் புகார் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, "விளையாட்டுத் தகராறுதானே, பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இது விளையாட்டுத் தகராறு அன்று. அவுட்டா இல்லையா என்று நடுவரோடு வாக்குவாதம் செய்வது விளையாட்டுத் தகராறு. பிறந்த தெருவைக் காரணம் காட்டிக் களத்துக்குள் விடாமல் தடுப்பது குற்றம். 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்திய தலித் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலுவுக்குப் புனேயில் அரங்கத்துக்கு வெளியே தனிக் குவளையில்தான் தேநீர் கொடுத்தார்கள். அன்று அதைத் தண்டிக்கச் சட்டம் இல்லை, இன்று இருக்கிறது.

பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவின் கீழ் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது. "எங்கள் போட்டி, யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் விருப்பம்" என்று அவர்கள் வாதாடக்கூடும். ஆனால் கண்மாய் தனியார் நிலமன்று. பொது இடத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதை அதே சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவு தனிக் குற்றமாக்குகிறது. ஆகவே அந்த நிலம் நீர்நிலைப் புறம்போக்கு என்பதைக் காட்டும் அ-பதிவேட்டு (கிராம நிலங்களின் வகையைக் குறிக்கும் வருவாய்த் துறைப் பதிவேடு) நகலை மனுவுடன் இணையுங்கள்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது புகார் மனுவின் வாசகத்தைத்தான். "சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினார்" என்று பொதுப்படையாக எழுதப்பட்ட மனுக்கள் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். சொன்ன சொல்லை, எழுதவே கூசினாலும், சொன்னபடியே எழுதுங்கள். யார் சொன்னார், எந்த நேரத்தில், யார் யார் கேட்டார்கள் என்பதையும், முக்கியமாக உங்கள் அணியைச் சேராத ஸ்கோர் எழுதியவர், மைக்கில் கமெண்டரி சொன்னவர், கடை போட்டிருந்தவர் ஆகியோரின் பெயர்களையும் சேருங்கள். கட்டணம் ஜிபேயில் போய்த் திரும்பியிருந்தால் அந்த விவரம் வலுவான சான்று. செல்போனில் பதிவான காணொளியை அழிக்காமல் அந்தப் போனையே பத்திரமாக வைத்திருங்கள். தம்பியின் சாதிச் சான்றிதழும் தேவை. திட்டியவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவராக இருந்தால்தான் இந்தச் சட்டம் பொருந்தும் என்பதையும், கிறித்தவத்துக்கு மாறியவர்கள் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சி.எஸ்.ஆர். ரசீது முதல் தகவல் அறிக்கை ஆகாது. 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவின்படி, இவ்வழக்கில் முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை. எனவே மனுவை மதுரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் கிடைத்ததற்கான ஒப்புகையையும் பாதுகாத்து வையுங்கள்; சம்பவம் மாநகர எல்லைக்குள் நடந்திருந்தால் மட்டும் காவல் ஆணையருக்கு அனுப்ப வேண்டும். அதற்கும் பலனில்லையென்றால் நீதிமன்றத்தை அணுகலாம். புலனாய்வை துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் நடத்த வேண்டும். கடமையை வேண்டுமென்றே தவறும் அரசு ஊழியரைத் தண்டிக்க 4ஆம் பிரிவு இருக்கிறது. தாமதம் வழக்கைத் தானாக அழித்துவிடாது. ஆனால் அதற்கான காரணத்தை, சி.எஸ்.ஆர். எண்ணுடன், மனுவிலேயே விளக்குங்கள்.

ஊர்ப் பெரியவர்கள் பேச அழைத்தால் போகலாம், ஆனால் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். இது சமரசம் செய்து முடித்துக்கொள்ளத்தக்க குற்றமன்று. மிரட்டல் வந்தால், சாட்சிகளுக்கும் சேர்த்து, 15ஏ பிரிவின் கீழ்ப் பாதுகாப்புக் கேளுங்கள். கிரிக்கெட் சங்கங்களிடம் முறையிடுவது அவற்றில் பதிவு பெற்ற போட்டிகளுக்கே உதவும். ஊர்ப் போட்டிக்கு அது பயன்படாது.

வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். வன்கொடுமைப் புகார்களுக்கான உதவி எண் 14566.