வாசகர் கேள்வி – பதில்: நகர அபிவிருத்தித் திட்டமும் எமது கருத்தும்

கேள்வி: எமது நகருக்கான அபிவிருத்தித் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளதாக அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். கலந்துரையாடல் என்று அழைத்த கூட்டத்துக்கும் போனோம். வரைபடங்கள் திரையில் வேகமாக ஓடின. அவற்றில் இருந்த எழுத்தெல்லாம் ஆங்கிலம். இரண்டொருவர் கேள்வி கேட்டதும் நேரம் போதாது என்று முடித்துவிட்டார்கள். இனிக் கருத்துச் சொல்வதில் பயன் உண்டா?
– வாசகி ஒருவர், கிளிநொச்சி மாவட்டம்

பதில்: பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன் கூட்டத்தில் பேசியதால் வருவதில்லை, எழுதிக் கொடுத்ததால் வருவது. மண்டபத்தில் எவ்வளவு நியாயமாகப் பேசினாலும், கூட்டக் குறிப்பில் அது ‘மக்கள் தமது கருத்துகளைத் தெரிவித்தனர்’ என்ற ஒரு வரியாகச் சுருங்கிப்போக இடமுண்டு. அறிவித்தலில் குறிப்பிட்ட இறுதித் திகதிக்கு முன்னர் கையொப்பத்துடன் நேரில் கையளித்து, பிரதியில் திகதி முத்திரை பெற்ற கடிதமோ, பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டு வைத்திருக்கும் கடிதமோ அவ்வாறு மறைந்துவிடாது.

சட்டநிலையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்படி, ஒரு பிரதேசத்தை அமைச்சர் வர்த்தமானி மூலம் அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்திய பின்னரே அதிகார சபையின் அதிகாரம் அங்கே செல்லுபடியாகும். அபிவிருத்தித் திட்டங்களுக்கான ஏற்பாடுகள் 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டவை. திட்டம் அங்கீகரிக்கப்பட்டு வர்த்தமானியில் வெளிவந்த பிறகு, வீடு, கடை, மதில் எதுவாயினும் அதன் வலயங்களுக்கும் (எந்தப் பகுதியை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற பிரிவுகள்) கட்டட எல்லைக்கோட்டுக்கும் (வீதியோரம் கட்டடம் தாண்டக்கூடாத கோடு) அமையவே அனுமதி கிடைக்கும். இன்று வரைவில் மஞ்சளாகவோ பச்சையாகவோ தீட்டப்பட்டிருக்கும் துண்டு, நாளை உங்கள் பிள்ளையின் கட்டட விண்ணப்பத்தை நிராகரிப்பதற்குக் காரணமாகலாம். ஆகவே வரைவு நிலையில் எழுதும் ஒரு பக்கக் கடிதம், பின்னர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதைவிட எவ்வளவோ மேல்.

என்ன எழுதுவது என்பதுதான் முக்கியம். ‘இத்திட்டம் மக்களுக்குப் பாதகமானது’ என்று எழுதினால் திட்டமிடல் அலுவலர் அதை வைத்து எதையும் திருத்த முடியாது. இடத்தைச் சொல்லுங்கள், அந்த இடத்தில் மாரி காலத்தில் தண்ணீர் என்ன செய்கிறது என்பதைச் சொல்லுங்கள். உதாரணமாக: ‘வரைபடத்தில் வர்த்தக வலயமாகக் காட்டப்பட்டுள்ள எமது ஒழுங்கையின் கிழக்குப் பக்கம் குளத்தின் வான் (நிரம்பி வழியும் நீர்) பாயும் வழியாகும். 2018 டிசம்பர் வெள்ளத்தின்போது வீதி மதகுக்கு மேலாகத் தண்ணீர் ஓடி, இக்காணிகளில் மூன்று நாட்கள் தேங்கியது. இங்கு மண் நிரப்பிக் கட்டடம் எழுப்பினால் அத்தண்ணீர் மறுபக்கத்து வயல்களுக்கும் வீடுகளுக்கும் திரும்பும். ஆகவே இப்பகுதியை வடிகால் ஒதுக்காக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.’ இப்படி ஒரு கடிதம் வந்தால், அதனை ஏற்காவிட்டாலும் ஏன் ஏற்கவில்லை என்பதற்கு ஒரு காரணத்தைத் தேடவேண்டிய நிலை அலுவலகத்துக்கு ஏற்படும்.

வன்னியில் இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எமது ஊர்கள் குளத்தை நம்பி எழுந்தவை. ஒரு குளத்தின் வான் அடுத்த குளத்துக்குப் போகும், அதன் மிகுதி வயலுக்கும் கடைசியில் களப்புக்கும் போகும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கனகராயன் ஆற்றின் கீழ்ப்புறத்தில் கண்டாவளைப் பக்கத்து ஊர்கள் பட்ட பாடு நம்மவர் அறிந்ததே. செய்மதிப் படத்தில் வெறும் பற்றையாகத் தெரியும் நிலம் குளத்தின் அலைகரையா (குளம் நிறையும்போது நீர் பரவும் கரை), வான் ஓடும் வழியா என்பது, நீண்ட இடப்பெயர்வின் பின் பழைய வாய்க்கால்கள் தூர்ந்துபோன இடங்களில், ஊரின் மூத்த கமக்காரருக்கே தெரியும். அவர்களைக் கூட்டத்தின் பின்வரிசையில் இருத்திவிட்டு வரையப்படும் திட்டம் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டாலும் குறையுள்ளதே. கமக்காரர் அமைப்பும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் தனித்தனியே கடிதம் கொடுப்பது நல்லது. ஒரே வாசகத்தைப் பிரதியெடுத்துப் பலர் கையொப்பமிடுவதைவிட, ஒவ்வொரு குறிச்சியும் தன் தன் இடத்தைப் பற்றி எழுதுவதே பலமானது.

மொழியைப் பொறுத்தவரை தயங்க வேண்டாம். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழி தமிழ் என்பது 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்திலேயே உள்ளது. வரைபடக் குறிப்புகளையும் வலய ஒழுங்குவிதிகளையும் தமிழில் தருமாறு முதற் கடிதத்திலேயே கேளுங்கள், அதுவரை கால எல்லையை நீடிக்குமாறும் கேளுங்கள்.

கேள்வி: எங்களிடம் காணி உறுதிப்பத்திரம் இல்லை, அரசு வழங்கிய காணி அனுமதிப்பத்திரம் மட்டுமே உண்டு. ஆட்சேபித்தால் காணியைப் பறித்துவிடுவார்களோ என்று அயலவர்கள் அஞ்சுகிறார்கள்.
– வாசகர் ஒருவர், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு விளங்குகிறது, காணி விடயத்தில் எமது மக்கள் பட்டது கொஞ்சமல்ல. ஆயினும் இரண்டு விடயங்களைப் பிரித்துப் பாருங்கள். வலயப்படுத்தல் ஒரு காணியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்வதே தவிர, காணியை எடுத்துக்கொள்வது அன்று. உறுதிக்காணியைச் சுவீகரிப்பதற்கு 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி கொள்ளல் சட்டத்தின் கீழ் அறிவித்தல், ஆட்சேபனை, விசாரணை என்ற தனி நடைமுறை இருக்கிறது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்வதற்கும் முன்னறிவித்தலும் விசாரணையும் தேவை. திட்டமொன்றைப் பற்றிக் கருத்துத் தெரிவித்தமை அவ்வாறு இரத்துச் செய்வதற்கான காரணம் ஆகாது. தனியே எழுதத் தயங்குபவர்கள் சங்கத்தின் பெயரில் எழுதலாம். அனுமதிப்பத்திரத்தின் இலக்கத்தையும் காணித் துண்டின் இலக்கத்தையும் கடிதத்தில் சேர்த்துக்கொண்டால், அங்கே மக்கள் குடியிருப்பது எழுத்தில் பதிவாகும். வெற்று அரச காணி என்று வரைபடத்தில் நிறம் தீட்டப்பட்ட இடங்களுக்கு அது மிக அவசியம்.

கேள்வி: கொடுத்த கடிதத்துக்கு என்ன நடந்தது என்பதை எப்படி அறிவது?
– அதே வாசகர்

பதில்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், குறித்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கூட்டக் குறிப்பையும், கிடைத்த கருத்துகளின் பட்டியலையும், அவை ஒவ்வொன்றின் மீதும் எடுத்த தீர்மானத்தையும் கேட்டு விண்ணப்பியுங்கள். காரணம் எதுவும் கூற வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் முதலில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். திட்டம் வர்த்தமானிக்குப் போவதற்கு முன்னரே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.